பிழையே இல்லாத பேப்பர்

இதில் ஒரு வார்த்தை பொய் என்றாலும் என் இரண்டு கண்ணும்... வேண்டாம். கண்ணை இதில் இழுக்க வேண்டாம். காரணம் போகப்போகத் தெரியும். என் மூக்கின் மேல் சத்தியமாகச் சொல்கிறேன், நடந்தது நடந்தபடி. என் மூக்கைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது சின்னச் சத்தியம் இல்லை.

நான் அச்சகத்தில் பிழை திருத்தி ஓய்வு பெற்றவன். ஒரு மெய்யெழுத்துக்குப் புள்ளி விட்டுப்போனால் பக்கத்து அறையில் இருந்தபடியே எனக்கு உறுத்தும். ஒருமுறை ஓடுகிற பஸ்ஸில் இருந்துகொண்டு, ஓடுகிற லாரியின் முதுகில் ஒரு துணைக்கால் குறைவதைப் பார்த்து, இரண்டு வண்டியையும் நிறுத்தி, சாக்பீஸால் போட்டுவிட்டு வந்தவன். நம்பாதவர்கள் அந்த லாரியைத் தேடிப் பிடித்துக் கேட்டுக்கொள்ளலாம்.

என் மனைவியும் அதே அச்சகம்தான். அவள் மூலப்பிரதியை உரக்கப் படிப்பாள். நான் அச்சடித்த தாளைப் பார்த்தபடி, அவள் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பேன். கமா என்றால் கமா, புள்ளி என்றால் புள்ளி. இந்த வேலைக்கு ஒரு சூட்சுமம் உண்டு. காதில் விழுந்தது நேரே வாய்க்கு வந்துவிட வேண்டும். நடுவில் மூளைக்குள் நுழையக் கூடாது. நுழைந்தால் அர்த்தம் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளும், பிழை பின்வாசல் வழியாகப் போய்விடும். இந்த விஷயத்தில் என் மூளையைப் போல ஒதுங்கி வழிவிட்ட மூளை அந்த அச்சகத்தில் வேறு கிடையாது.

எங்கள் கல்யாணமும் அந்த மேஜையில்தான் நிச்சயமாயிற்று. முதலில் வாய் திறந்து விருப்பம் சொன்னவன் நான். அச்சகமே சாட்சி. இதை மட்டும் இன்றுவரை அவளால் மறுக்க முடியவில்லை.

ஓய்வுக்குப் பிறகும் பழக்கம் விடவில்லை. காலையில் அவள் துணிகளுக்கு இஸ்திரி போடுவாள், நான் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை உரக்கப் படிப்பேன். பிழை வரும் இடத்தில் நிறுத்தி, அதை விட்டவனின் ஏழு தலைமுறையையும் விசாரித்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவேன். அவள் சிரித்துக்கொண்டே சட்டைக் காலரைத் திருப்புவாள். எங்கள் வீட்டில் கடிகாரம் நின்றாலும் நிற்கும், இது நின்றதில்லை.

அப்படி இருக்கையில், பேப்பரில் எழுத்தெல்லாம் மழையில் நனைந்ததுபோல் ஊற ஆரம்பித்தது. மை சரியில்லை என்று நினைத்தேன். பிறகு தெருவும் ஊறியது. ஒருநாள் டீ கேட்டு வெகுநேரம் அலமாரியோடு பேசிக்கொண்டிருந்தேன். அலமாரி பதில் சொல்லாததை வைத்தே அது என் மனைவி இல்லை என்று கண்டுகொண்டேன்.

கண்ணில் புரை விழுந்திருக்கும், ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள் அவள். எனக்கும் சம்மதம்தான், எதிர்வீட்டு லாரிக்காரரோடு பேசும்வரை. அவர் தன் மச்சானுக்கு நடந்ததைச் சொன்னார். கண்ணைக் கரண்டியால் எடுப்பார்களாம். கிண்ணத்தில் போட்டு அலசுவார்களாம். அலசும்போது அந்தக் கண்ணே கிண்ணத்தில் இருந்துகொண்டு மச்சானைப் பார்த்ததாம். நானே நாலு கதை விடுகிறவன், இதை மட்டும் அப்படியே நம்பிவிட்டேன். அன்றைக்கே முடிவெடுத்தேன். உயிர் உள்ளவரை என் கண்ணில் கத்தி படாது. அதற்கு ஒரே வழி, எனக்குக் கண் தெரிகிறது என்று வீட்டில் நிரூபிப்பது.

முதலில் செய்திகளை நானே தயாரித்தேன். பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு மனதில் பட்டதைப் படித்தேன். மணிக்கூண்டைத் தள்ளிக்கொண்டுபோய் ஆற்றங்கரையில் வைத்துவிட்டார்கள் என்று ஒருநாள் படித்தேன். அவள் அதை எதிர்வீட்டில் சொல்ல, லாரிக்காரர் லாரியை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்கே போய்விட்டார். திரும்பி வந்தவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குச் சரியாகத் தெரியவில்லை என்பது ஒரு ஆறுதல்.

பிறகுதான் போனைப் பிடித்தேன். தெருமுனை மொபைல் கடைப் பெண்ணிடம், ஒரு நண்பனுக்குக் கண் தெரியவில்லை என்று சொன்னேன். "உங்க நண்பருக்கு இந்தப் பக்கமா நாற்காலி இருக்கு, உக்காரச் சொல்லுங்க" என்று என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். கெட்டிக்காரி. எழுத்துக்கு நேரே போனைக் காட்டினால் அதுவே உரக்கப் படித்துவிடும் என்று காட்டினாள். கம்பியில்லாத காதுப்பொறி ஒரு ஜோடி கொடுத்தாள். ஒன்று எனக்குப் போதும். குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டு உள்ளே செருகிக்கொண்டேன். மற்றது டப்பாவிலேயே, மேஜை இழுப்பறையில் கிடந்தது.

இன்னொன்றும் செய்து கொடுத்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு வேலை சொன்னால் போன் செய்துவிடும். யாருக்குப் போன் போடு என்றாலும் போடும். ஆனால் பழக்கிய குரலுக்கு மட்டும்தான் பணியும். என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டாள். தங்கச்சி என்று வைக்கச் சொன்னேன். எனக்குக் கூடப்பிறந்தவள் இல்லாத குறை.

வீட்டுக்கு வந்து மனைவியின் முன்னால் தங்கச்சியை விதவிதமாக ஏவிக் காட்டினேன். விளக்கெரிந்தது, பாட்டு வந்தது, லாரிக்காரர் வீட்டில் போன் அடித்தது. அவள் கூப்பிட்டபோது தங்கச்சி அசையவில்லை. "பாத்தியா, வேற யார் சொன்னாலும் கேக்க மாட்டா" என்றேன்.

"போகட்டும். இந்த வீட்ல உங்க பேச்சைக் கேக்க ஒரு ஆள் கிடைச்சுதே" என்றாள் அவள்.

மறுநாள் காலையிலிருந்து ராஜ்யம் என்னுடையது. பேப்பரைத் திரைபோல விரிப்பேன். திரைக்கு அந்தப் பக்கம் அவளும் இஸ்திரிப் பெட்டியும், இந்தப் பக்கம் நானும், மடியில் பேப்பரைப் பார்த்தபடி நிமிர்த்தி வைத்த தங்கச்சியும். தங்கச்சி காதில் சொல்வாள், நான் வாயால் சொல்வேன். பழைய அச்சக வாழ்க்கை திரும்பி வந்ததுபோல் இருந்தது. மூளை பழையபடி ஒதுங்கி வழிவிட்டது.

அதில்தான் சின்னச் சின்னச் சிக்கல்கள். பேப்பரில் பத்தி பத்தியாகப் பிரித்திருப்பது தங்கச்சிக்குத் தெரியாது. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரே இழுப்பாக இழுத்துவிடுவாள். "அமைச்சர் காலையில் பாலத்தைத் திறந்துவைத்து ஐந்து விக்கெட் எடுத்து அன்னாரது குடும்பத்தாருக்கு மணமகன் தேவை" என்று ஒருநாள் கணீரென்று படித்தேன். திரைக்கு அந்தப் பக்கம் அவள் சட்டையைத் திருப்பிப் போட்டாள். பல திறமை உள்ள அமைச்சர் போலிருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

இன்னொருநாள் வெளிநாட்டுச் செய்தி. போர் நிறுத்தம் பற்றி உருக்கமாகப் படித்துக்கொண்டே வந்து, "மின்கலம் தீரும் நிலையில் உள்ளது, உடனே சார்ஜரில் இணைக்கவும்" என்று முடித்தேன்.

"யார் சொன்னது அப்படி?"

"ரெண்டு நாட்டுத் தலைவர்களும் சேர்ந்து."

"பாவம், அவங்களுக்கும் களைப்பா இருக்கும்" என்றாள்.

இப்படியே மழைக்காலம் போயிற்று. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். இடையில் மாடிப்படியில் ஒரு படி இல்லாத இடத்தில் காலை வைத்து உருண்டேன். படிக்கட்டு வழுக்குகிறது என்று சொல்லிவிட்டேன். முழங்காலுக்கு மருந்து போட்டவள், அதே இடத்தில் இரண்டாம் முறையும் போட்டாள். கிழவிக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் காலையும் வழக்கம்போலத்தான் விடிந்தது. பேப்பரை விரித்தேன். உள்ளூர்ச் செய்திப் பக்கம். கொஞ்சம் கனமாக இருப்பதுபோல் விரலுக்குப் பட்டது, பசை வாசனை வந்தது. எத்தனையோ வருஷம் பசை வாசனையிலேயே வாழ்ந்தவனுக்கு அது வாசனையாகவே தோன்றவில்லை. தங்கச்சி ஆரம்பித்தாள், நானும் ஆரம்பித்தேன்.

"நமது நகரில் ஓய்வு பெற்ற அச்சக ஊழியர் ஒருவர், கமா, தனக்குக் கண் தெரிவதாகத் தன் மனைவியை நம்பவைத்து வருகிறார், புள்ளி. மனைவி நம்புவதாக அவர் நம்பி வருகிறார், புள்ளி. தங்கச்சி, கமா, கண் ஆஸ்பத்திரிக்குப் போன் போடு, புள்ளி."

புள்ளி வைத்த பிறகுதான் விஷயம் மூளைக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்குள் என் குரலில் உத்தரவு போய்விட்டது. என் பேச்சைத் தட்டாத தங்கச்சி தட்டவில்லை. காதுக்குள் மணி அடித்தது.

"வணக்கம், கண் ஆஸ்பத்திரி" என்றது ஒரு பெண்குரல். என் நம்பரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. வீட்டம்மா நேற்றே வந்து எல்லா விவரமும் சொல்லிவிட்டார்களாம். நோயாளி தன் வாயால் சரியென்று சொன்னால்தான் நாள் குறிப்பார்களாம், அதற்காகத்தான் காத்திருக்கிறார்களாம்.

மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது ஒரு விரல் வந்து என் பேப்பர்த் திரையை மேலிருந்து மெல்லக் கீழே இறக்கியது. எதிரே அவள் முகம். முகம் என்று நான் சொல்கிறேன். எனக்குத் தெரிந்தது வெளிச்சத்தில் கரைந்த ஒரு வட்டம்.

"எப்படி கண்டுபிடிச்சே?" என்றேன்.

"மழை ஆரம்பிச்சதுலேர்ந்து நீங்க பேப்பர்ல ஒரு பிழைகூடச் சொல்லலை. ஒண்ணு பேப்பர்க்காரன் திருந்தியிருக்கணும், இல்ல உங்க கண்ணு போயிருக்கணும். பேப்பர்க்காரன் திருந்த மாட்டான்."

விரலால் தாளைத் தடவிப் பார்த்தேன். மூலையில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில், கமா, புள்ளி என்பதைக்கூட வார்த்தையாகவே சேர்த்து, பேப்பர் எழுத்து மாதிரியே அச்செடுத்து, அளவு பார்த்து வெட்டி, ஒரு சுருக்கம் விழாமல் ஒட்டியிருக்கிறாள். அச்சகத்தில் கற்றதை அவளும் மறக்கவில்லை.

"சரி, நான் வற்புறுத்தலை. என் முகத்துல என்ன மாறியிருக்குன்னு சொல்லுங்க. சரியா சொல்லிட்டா போனை வெச்சிடலாம்."

வட்டத்தை உற்றுப் பார்த்தேன். "இளைச்சுட்டே" என்றேன். எந்தப் பெண்ணிடமும் சொல்லக்கூடிய பத்திரமான பதில்.

அவள் சிரிக்கவில்லை. "கண்ணாடி மாத்தியிருக்கேன். நல்ல சிவப்பு ஃபிரேம். மழை ஆரம்பிச்சப்போ வாங்கினது. பால்காரர் சொல்லிட்டார், லாரிக்காரர் சொல்லிட்டார், உங்க போன் படிக்கிற ரகசியத்தைச் சொன்ன மொபைல் கடைப் பொண்ணுகூட நல்லா இருக்கும்மான்னு சொல்லுச்சு. சொல்ல வேண்டிய ஆள் ஒருத்தர்தான் பாக்கி."

இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "படியில விழுந்தீங்களே, அன்னிலேர்ந்து எனக்குத் தூக்கம் இல்லைங்க" என்றாள்.

"ஐயா, லைன்ல இருக்கீங்களா?" என்றது காது.

"இருக்கேம்மா. நாள் குறிங்க" என்றேன்.

அப்போதுதான் எனக்கு அந்தப் பழைய மேஜை நினைவுக்கு வந்தது. அன்றைக்கும் இப்படித்தான். அவள் மூலப்பிரதி படித்துக்கொண்டே வந்தாள், நான் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தேன். நடுவில், பிரதியில் இல்லாத ஒரு வரியைக் குரலே மாறாமல் மெதுவாகப் படித்தாள். நான் அதை அச்சகம் முழுக்கக் கேட்கும்படி, "எனக்கு உங்களைப் பிடித்திருக்கிறது, புள்ளி" என்று சொல்லி முடித்தேன். இயந்திரங்கள் நின்றன. அடுத்த மாதம் கல்யாணம். முதலில் சொன்னவன் நான்தான் என்று முன்பே சொன்னேன் அல்லவா? அது சத்தியமான வார்த்தை. படித்தது யார் என்றுதான் யாரும் கேட்கவில்லை.

அறுவைச் சிகிச்சையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். சிங்கம்போல உள்ளே நடந்தேன். டாக்டருக்குத்தான் கை நடுங்கியது, நான்தான் தைரியம் சொன்னேன். கரண்டியும் இல்லை, கிண்ணமும் இல்லை. கட்டுப் பிரித்ததும் முதலில் பார்த்தது சிவப்பு ஃபிரேம். அழகாகத்தான் இருந்தது, அதைச் சொல்லியும் விட்டேன். இரண்டாவதாகப் பார்த்தது சுவரில் மாட்டியிருந்த ஆஸ்பத்திரி அறிவிப்பு. அதில் இரண்டு பிழை.

இப்போது பேப்பரை என் கண்ணாலேயே படிக்கிறேன். தங்கச்சிக்கும் வேலை இல்லாமல் இல்லை. இந்தக் கதையை நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதினாள். முடித்ததும் படித்துக் காட்டச் சொன்னேன். காதுப்பொறியைச் செருகிக்கொண்டு, அவள் படிக்கப் படிக்க நானும் பழக்கத்தில் முணுமுணுத்தபடி சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்காரி சமையலறையில் இருக்கிறாள், அவளுக்கு ஒன்றும் தெரியாது. நீங்களும் இதை யார் சொன்னது என்று யாரிடமும் மூச்சு விடாதீர்கள். கேட்டால் எதிர்வீட்டு லாரிக்காரர் சொன்னார் என்று சொல்லிவிடுங்கள். அவர் சொல்கிற கதைகளுக்கு இது ஒன்றும் மோசமில்லை.

இழுப்பறையில் அந்த இன்னொரு காதுப்பொறி பத்திரமாக இருக்கிறதா என்று எதற்கும் இப்போது ஒருமுறை டப்பாவைத் திறந்து பார்த்தேன். காலி.

"ஏங்க, சிங்கம் வர்ற இடத்துல ஒரு வரி விட்டுப்போச்சு" என்று சமையலறையிலிருந்து குரல் வருகிறது. "என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதீங்களே, அதையும் சேத்துக்கச் சொல்லுங்க தங்கச்சிய."