மாப்பிள்ளை அடித்த நீலம்

தலை தீபாவளிக்குப் போகும் மாப்பிள்ளை, மாமனார் வீட்டில் சாப்பிடுவதற்கு மட்டும்தான் வாயைத் திறக்க வேண்டும். இந்த ஞானம் எனக்கு வருவதற்குள் ஒரு நாற்பதடி டிரெய்லர் நாசமாகிவிட்டது.

ஒரகடம் பக்கம் ஒரு கார் தொழிற்சாலையின் பெயிண்ட் ஷாப்பில் எனக்கு வேலை. பெண் பார்க்கப் போனபோதே இதைப் பெருமையாகச் சொல்லியிருந்தோம். அங்கே பெயிண்ட் அடிப்பது ரோபோ என்பதை மட்டும் சொல்லவில்லை. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, அது ஒழுங்காக அடிக்கிறதா என்று பார்ப்பவன். (பார்ப்பதும் ஒரு வேலைதானே!)

மாமனார் படப்பையில் சொந்தமாக டிரெய்லர் வைத்து அவரே ஓட்டுபவர். நாலு பக்கமும் தகரம் அடைத்த பெரிய பெட்டி வண்டி. தீபாவளிக்கு மறுநாள் மனுஷர் வாசலில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். ஒரு பெரிய கம்பெனியின் லோடு கிடைக்கும்போல் இருந்தது. மறுநாள் காலை வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பெயிண்ட் ஒரே சீராக இருக்க வேண்டும் என்பதில் அவர்கள் கறார். துருவைச் சுரண்டி அடிப்பூச்சாக ப்ரைமர் மட்டும் அடித்துவிட்டு ஊருக்குப் போன பெயிண்டர் வரவில்லை.

"இந்த லோடு கெடச்சா வூடு நிமிர்ந்துடும் மாப்ள. இப்ப இன்னா பண்றதுனே தெரில" என்றார்.

"நான் எதுக்கு மாமா இருக்கேன்?" என்றது என் வாய்.

என் மனைவி ரேவதி என்னை உள்ளே இழுத்துப்போய், "உங்களுக்கு நெஜமா அடிக்கத் தெரியுமா?" என்றாள். "தினம் பாக்குறேன்ல" என்றேன்.

ஏணியில் ஏறி ஸ்ப்ரே கன்னைப் பிடித்தேன். முதலில் கை எட்டிய தூரம் வரை நீலம் நன்றாகவே வந்தது. ரோபோ போலவே கையை நேராக ஓட்டினேன். அப்போதுதான் மாமியார் தட்டோடு வந்தார்.

"சூடா கீது மாப்ள, ரெண்டு வடை சாப்ட்டு அடிங்க."

தலை தீபாவளி மாப்பிள்ளை தட்டைத் திருப்பி அனுப்பினால் அது குடும்பச் சண்டை. இறங்கிச் சாப்பிட்டேன். அதற்குள் அந்த வெயிலில் பெயிண்டின் ஓரம் காய்ந்துவிட்டது. மறுபடி அந்த ஓரத்தின் மேலேயே அடித்தேனா, அங்கே கருநீலத்தில் ஒரு பட்டை விழுந்தது. அதை மறைக்கலாம் என்று இன்னொரு தடவை அடித்தேன், வழிந்தது. பதறிக்கொண்டிருக்கும்போதே அதிரசம் வந்தது. பிறகு முறுக்கு, பிறகு சுழியம். வேண்டாம் என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். "புடிக்கலியா மாப்ள?" என்று மாமியாரின் முகம் வாடியது. அதையும் தின்றேன். வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. மழை கொட்டி எல்லாவற்றையும் கழுவிவிடாதா என்று மனதார வேண்டினேன்.

மழை வரவில்லை. சாயங்காலம் தள்ளி நின்று பார்த்தால், ஒவ்வொரு பலகாரத்துக்கும் ஒரு கருநீலப் பட்டையோடு வண்டி நின்றது. மாமனார் அதை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "காஞ்சா சரியாப் பூடும் மாப்ள" என்றார். அவர் குரலில் நம்பிக்கை இல்லை. அன்றிரவு நான் தூங்கவேயில்லை.

காலையில் நானும் கூடப் போனேன். கம்பெனி மேனேஜர் வண்டியைச் சுற்றி வந்து, "யார் அடிச்சது இது?" என்றார்.

மாமனார் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. "நான்தான் சார். வயசாயிடுச்சி, கண்ணு செரியா தெரில."

"கண்ணு தெரியாமத்தான் லாரி ஓட்டுறீங்களா?"

மாமனார் முகம் வெளுத்துப்போனது. எனக்காகச் சொன்ன பொய் அவர் பிழைப்புக்கே உலை வைத்துவிடும்போல இருந்தது. அதற்கு மேல் சும்மா நிற்க முடியவில்லை.

"சார், அடிச்சது நான். நான் இவரோட மாப்பிள்ளை. கார் கம்பெனியில பெயிண்ட் ஷாப்புல இருக்கேன்."

"எந்தக் கம்பெனி?"

சொன்னேன். இப்போது மேனேஜர் முகம் வெளுத்தது. "அங்கதான்யா நான் கார் புக் பண்ணியிருக்கேன்!"

"பயப்படாதீங்க சார். அங்க அடிக்கிறது ரோபோ. நான் சும்மா பாக்குறதோட சரி."

மாமனார் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். பெண் கொடுத்தவர் பார்க்கும் பார்வை. பூமி பிளக்கவில்லை. மேனேஜர் மட்டும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒரு வாரம் டைம் தரேன் பெரியவரே, ஒரே கலர்ல கொண்டாங்க. மாப்பிள்ளைய வீட்லயே விட்டுட்டு வாங்க" என்றார்.

திரும்பும்போது மாமனார் வண்டியை ஓட்டினார். படப்பை நெருங்கும்போதுதான் வாயைத் திறந்தார். "பாக்குறதுதான் உங்க வேலைன்னா, நம்ம வண்டிய மட்டும் ஏன் மாப்ள பாக்காம வுட்டீங்க?" சொல்லிவிட்டு அவரும் சிரித்துவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பெயிண்டர் வந்து திரும்ப அடித்தார், லோடும் கிடைத்தது. ஆனால் இன்றைக்கும் தீபாவளிக்குப் போனால் மாமியார் எனக்கு நேராகத் தட்டை நீட்டுவதில்லை. முதலில் மாமனார் உள்ளிருந்து குரல் கொடுப்பார்: "மாப்ள, கைல எதுனா வேல கீதா? முடிச்சிட்டே வாங்க. வடை எங்கியும் ஓடிடாது."