அம்மா மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறாள்

இங்கிலீஷ் தெரியாதவர்களால் உலகத்துக்கு ஆபத்தில்லை. அரைகுறையாகத் தெரிந்தவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் அந்த ஆபத்து நான்தான்.

பி.யு.சி.யில் இங்கிலீஷில் கோட்டை விட்டுவிட்டு மறுபரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். 'கோ' என்ற ஒரே ஒரு வினைச்சொல்லுக்கு என் கைடு பக்கம் பக்கமாக அர்த்தம் போட்டிருந்தது. பள்ளிக்கூடம் போனாலும் கோ, பால் கெட்டாலும் கோ, விளக்கு அணைந்தாலும் கோ. அதையெல்லாம் உருப்போட்டு, மாடியறையில் வாடகைக்கு இருந்த மார்த்தா என்ற வெள்ளைக்காரப் பெண்ணிடம் தினமும் ஒப்பிப்பேன். (பாவம், தியானம் செய்ய வந்தவள்.)

அம்மாவுக்கும் மார்த்தாவுக்கும் பாஷை வேண்டியிருக்கவில்லை. அம்மா தமிழில் பேசிக்கொண்டே அவள் தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிவிடுவாள். அவள் சிரித்தபடி உட்கார்ந்திருப்பாள்.

ஒரு காலையில் தந்தி வந்தது. ஊரில் மார்த்தாவின் தாய் இறந்துவிட்டார். இவள் போய்ச் சேருவதற்குள் அடக்கம் முடிந்துவிடும். மார்த்தா அழவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து தந்தியை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். அதைத்தான் அம்மாவால் தாங்கமுடியவில்லை.

"இப்டியே அடக்கி வச்சா மாரு வெடிச்சிடும்டி. இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தை ஆறுதலா சொல்லு. அழுதுடட்டும்."

"நானாம்மா?"

"பின்ன, நானா? அவ்ளோ படிக்கிறியே!"

அதற்குள் அக்கம்பக்கத்துப் பெண்களும் கூடிவிட்டார்கள். மார்த்தாவின் முன்னால் போய் நின்றேன். பரீட்சை ஹாலில் நிற்பதுபோல் இருந்தது. வாயைத் திறந்தேன். கைடு வந்தது.

"கோ, வென்ட், கான்" என்றேன். "ராமன் கோஸ் டு ஸ்கூல். த மில்க் ஹேஸ் கான் பேட்."

மார்த்தா நிமிர்ந்து பார்த்தாள். நிறுத்தியிருக்கலாம். ஆனால் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினாள். "எவ்ளோ பாந்தமா சொல்லுது பாருங்க" என்று எதிர்வீட்டம்மா மூக்கைச் சிந்தினார். அந்தப் பெருமையில் எனக்கு அடுத்த பக்கமும் ஞாபகம் வந்துவிட்டது.

"மை மதர் ஹேஸ் கான் டு த மார்க்கெட். ஷி வில் கம் பேக் சூன்."

மார்த்தா உடைந்துபோனாள். அடிவயிற்றிலிருந்து கிளம்பிய அழுகை அது. அம்மா ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டு தானும் ஓங்கி அழுதாள்.

சில நாள் கழித்து, என்ன சொன்னேன் என்பதை அம்மாவிடம் ஒப்புக்கொண்டேன். "அடிப்பாவி, மார்க்கெட்டுன்னா சொன்ன?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து பையை எடுத்துக்கொண்டு காய் வாங்கக் கிளம்பும்போதெல்லாம் "கம் பேக் சூன்" என்று அறிவித்துவிட்டுத்தான் படியிறங்குவாள். அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ் அவ்வளவுதான்.

மார்த்தா ஊருக்குப் போய், பல வருஷம் கழித்து எண்பதுகளில் திரும்பி வந்தாள். அதற்குள் நான் இங்கிலீஷ் டீச்சராகியிருந்தேன். (சிரிக்காதீர்கள்.) வாசலில் நின்று "அம்மா?" என்று தமிழில் கேட்டாள். 'கோ'வின் அத்தனை அர்த்தமும் தெரிந்த நான், கதவை அகலத் திறந்து வழிவிட்டேன்.

கூடத்தில் மாலை போட்டிருந்த படத்தை அவளே பார்த்துவிட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக, "மார்க்கெட்?" என்றாள்.

தலையாட்டினேன். அம்மா போன அன்று காரியங்களைப் பார்த்துக்கொண்டு அழாமல் நின்றவள், அப்போதுதான் அழுதேன். மார்த்தா என்னைக் கட்டிக்கொண்டாள், அம்மா கட்டிக்கொண்ட மாதிரியே.

இன்றும் எங்கள் வீட்டில் அம்மா இறந்துவிட்டாள் என்று யாரும் சொல்வதில்லை. திவசத்தன்று என் தம்பி படத்துக்கு விளக்கேற்றிவிட்டு, "இன்னாம்மா, இன்னுமா காய் வாங்குற?" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், கொஞ்சம் தாமதமாக.