சாயாத தாயக்கட்டை

கோலாலம்பூரில் தாயக்கட்டையைக் கரண்டில் உருட்டிய முதல் மனிதர் எங்கள் சிக்னல் அண்ணன்தான். மறுப்பவர்கள் பத்திரிகைக்குக் கடிதம் எழுதிக்கொள்ளலாம். நான் பதில் போடப் போவதில்லை.

எண்பதுகளின் நடுவில், பிரிக்பீல்ட்ஸில் வள்ளியக்கா மெஸ்ஸின் மாடியில் நானும் அவரும் அடுத்தடுத்த அறைகளில் குடியிருந்தோம். அவருக்கு ரயில்வேயில் சிக்னல் பழுது பார்க்கிற வேலை. வேலையை வேலையிடத்தில் விட்டுவிட்டு வரத் தெரியாதவர். மெஸ் படிக்கட்டு குறுகல், ஏறுகிறவரும் இறங்குகிறவரும் முட்டிக்கொள்கிறார்கள் என்று மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகச் சிவப்பு, பச்சை பல்புகளை மாட்டினார். ஒரு நாள் காலையில் மேலே சிவப்பு மாறவே இல்லை. மாடியில் இருந்த ஒன்பது பேரும் பசியோடு நின்றோம். கீழே தோசை ஆறியது. பல்பைப் பார்க்காமல் இறங்கலாமே என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றாததுதான் அவருடைய சாமர்த்தியம்.

அவரோடு வேலை பார்த்த சீன நண்பர் ஒருவர் சிங்கப்பூருக்குக் குடிபோகும்போது ஒரு கம்ப்யூட்டரை அவரிடம் விட்டுப் போனார். டைப்ரைட்டரின் மேல்பாதியை மட்டும் வெட்டி எடுத்தது போல இருக்கும். டிவியில் மாட்ட வேண்டும். எழுதிய புரோகிராமைக் கேசட்டில் பதிந்து வைக்க வேண்டும். மெஸ்ஸில் ஒரே டிவிதான், அது சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தது. "தமிழ்ப் படம் போடுற அன்னிக்கு இந்தப் பொட்டி இங்க இருக்கக் கூடாது," என்ற நிபந்தனையோடு வள்ளியக்கா அனுமதி கொடுத்தார்.

மூன்று மாதம் இரண்டே விரல்களால் தட்டித் தட்டித் தாயம் ஆட்டத்தை அதற்குள் எழுதினார். இடையில் ஒரு காலை வள்ளியக்கா முருகன் பாட்டு என்று நினைத்து அவருடைய புரோகிராம் கேசட்டைப் போட்டுவிட்டார். தகரத்தை ஆணியால் கீறுவது போல ஒரு சத்தம். ஊதுபத்தியும் கையுமாக நின்ற அக்கா கேட்டார்:

"என்ன தம்பி, முருகனுக்குத் தொண்டை கட்டிக்கிச்சா?"

ஏன் இந்தப் பாடு என்று நானும் ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

"கட்டை சாஞ்சிருச்சு. அவ்வளவுதான் லா," என்றார்.

ஒன்பது வருஷத்துக்கு முந்தைய தீபாவளி மத்தியானம். கிள்ளானில் அவருடைய மூத்த அண்ணன் வீட்டில் ஆட்டம். மூத்தவர் உருட்டிய கட்டை பாய் ஓரத்தில் முட்டிச் சாய்ந்து நின்றுவிட்டது. தாயம் விழுந்தால்தான் காய் உள்ளே இறங்க முடியும். மூத்தவர் தாயம் என்றார், தம்பி செல்லாது என்றார். அன்று நின்ற பேச்சு நின்றதுதான். பெற்றோர் போன பிறகு இவரை வளர்த்துப் படிக்க வைத்தவர் அந்த அண்ணன்.

"டிவிக்குள்ள கட்டை சாயாது பாத்தியா? அப்படின்னா அவரு ஆட வரலாம்ல?"

சிரிக்க வாயைத் திறந்தவன் அவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

ஆட்டம் தயாரானதும் மெஸ் முழுக்க மொய்த்தது. ஒரே வாரத்தில் ஒரு குட்டு உடைந்தது. மிஷினை அணைத்துப் போட்டால் ஒவ்வொரு முறையும் எண்கள் அதே வரிசையில்தான் விழுந்தன. ஏழாவது உருட்டலில் தாயம். இருவர் மாறி மாறி உருட்டுவதால் அது முதலில் உருட்டுகிறவருக்குத்தான் வரும். அதனால் ஆட்டத்தைவிட யார் முதல் என்கிற சண்டை பெரிதானது. வள்ளியக்கா கரண்டியோடு வந்து உட்கார்ந்தார்.

"நான்தான் முதல்ல. முடியாதுன்னா இன்னிக்கு யாருக்கும் மீன் குழம்பு கெடையாது."

சிக்னல் அண்ணன் வெட்கப்பட்டுப்போய் மறுபடி உட்கார்ந்து அதைத் திருத்தினார். பிறகு என்னைக் கிள்ளானுக்குத் தூது அனுப்பினார்.

பஸ் பிடித்துப் போனேன். மூத்தவர் சொந்தமாக லோரி ஓட்டுகிறவர். நான் போனபோது லோரிக்கு அடியில் படுத்திருந்தார். கால் மட்டும்தான் தெரிந்தது. காலிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"அவன்கூடப் பேச மாட்டேன்," என்று அடியிலிருந்து குரல் வந்தது. "மிஷின்கூட ஆடுறதுன்னா ஞாயித்துக்கிழமை வரேன்."

வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. இருவரும் ஒரே பெஞ்சில் டிவியைப் பார்த்து உட்கார்ந்தார்கள். நடுவில் நான்.

"எந்தப் பட்டன்னு கேளு."

"சிவப்புக் காய் அவருக்கு. இடது பக்கப் பட்டன்னு சொல்லு."

"எனக்குக் காது கேக்குதுன்னு சொல்லு."

ஆட்டம் தொடங்கியது. மூத்தவர் தட்டிய முதல் தட்டிலேயே தாயம். கூடம் கைதட்டியது. அடுத்து ஆறு, பிறகு பன்னிரண்டு, மறுபடி தாயம். சிக்னல் அண்ணனுக்கு இரண்டும் மூன்றுமாக விழுந்துகொண்டிருந்தது, ஒரு காய்கூட இறங்கவில்லை. மூத்தவரின் காய்கள் வீடு போய்ச் சேரப்போகிற நேரத்தில் அவர் கை நின்றது. டிவியை உற்றுப் பார்த்தார். என்னைத் தாண்டிக் கையை நீட்டித் தம்பியின் பட்டனைத் தட்டினார். இரண்டு. தன் பட்டனைத் தட்டினார். தாயம். இன்னொரு முறை தட்டினார். தாயம்.

அப்படியே தம்பி பக்கம் திரும்பினார்.

"டேய், என்ன வேலைடா பண்ணி வச்சிருக்க? எனக்குப் பாவம் பாக்குறியா? தாயம் ஆடத் தெரியாதவனா நானு? ஒன்னைத் தோள்ல தூக்கிட்டுப் போயி ஸ்கூல்ல விட்டவன்டா."

ஒன்பது வருஷத்துக்குப் பிறகு நேராக வந்த முதல் பேச்சு. நான் பெஞ்சிலிருந்து நைசாக எழுந்துகொண்டேன்.

"நீங்க தோத்துட்டா மறுபடி வர மாட்டீங்களோன்னு பயந்துட்டேண்ணே," என்றார் சிக்னல் அண்ணன்.

மூத்தவர் கண்ணைத் துடைக்கக் கைக்குட்டை தேடினார், கிடைக்காமல் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டார்.

"திட்டி முடிச்சாச்சுன்னா இலை போடலாமா?" என்று வள்ளியக்கா அடுப்படியிலிருந்து கேட்டார்.

சாப்பிட்டுக் கை கழுவியதும் மூத்தவர் வாசலில் நின்று சொன்னார்: "அடுத்த ஞாயிறு வரேன். ஒழுங்கா எழுதி வை. நேர்மையா ஆடி ஒன்னை ஜெயிக்கிறேன்."

வந்தார். அந்த வாரம் காய்கள் பின்னால் நடந்தன. "நண்டாடா இது?" என்று திட்டிவிட்டு, சாப்பிட்டுப் போனார். அடுத்த வாரம் பச்சைக் காய் மொத்தமாகக் காணாமல் போனது. அதற்கும் திட்டு, அதற்கும் சாப்பாடு. இப்படியே மாதங்கள் ஓடின. அந்தப் புரோகிராம் ஒரு ஞாயிறுகூடச் சரியாக ஓடி நான் பார்த்ததில்லை.

"மத்த நாள்ல ஒழுங்கா ஓடுதே. ஞாயித்துக்கிழமை மட்டும் எப்படிண்ணே இவ்வளவு தப்பு வருது?" என்று கேட்டேன்.

"எல்லாம் சரியா இருந்தா அவரு எதுக்கு லா வரணும்?" என்று சொல்லிவிட்டு, கிள்ளான் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார்.

அந்த ஞாயிறுகளில் நண்பர்கள் பங்சார் பக்கம் ஊர் சுற்றக் கூப்பிட்டாலும் நான் போனதில்லை. அண்ணனிடம் திட்டு வாங்கும்போது சிரிக்கிற அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும்.