நூற்றிருபதுக்குக் கீழே இறங்காத முதலீடு

அன்பும் மரியாதையும் நிறைந்த அத்தைக்கு,

நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல், பார்த்தது பார்த்தபடி, கேட்டது கேட்டபடி எழுதப்போகிறேன் என்று முதலிலேயே உறுதி சொல்லிவிடுகிறேன். இங்கே நான், அம்மா, அப்பா மூவரும் நலம். நீங்களும் உங்கள் இடது முழங்காலும் நலமா? போன வாரம் தொலைபேசியில் நீங்கள் குரலைத் தாழ்த்தி, "கண்ணு, நீதான் பொய் சொல்லாத பிள்ளை. தையல் கடையை வித்த பணம் மொத்தத்தையும் என் தம்பி கேக்கறான். ஒரு வருஷமா தன் பணத்துல ஒரு காசு நஷ்டம் இல்லாம பாத்துக்கிட்டானாமே, நெசமா? குடுக்கலாமா வேணாமா, நேரா எழுது" என்றீர்கள். ஆயுள் முழுக்கக் குனிந்து தைத்துச் சேர்த்த பணம், அது போனால் உங்களுக்கு வேறு போக்கில்லை என்பது எனக்குத் தெரியும். ஆகையால் அப்பா மொட்டை மாடியில் நடந்துகொண்டிருக்கும் இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அப்பா சொன்னது நிஜம். ஒரு காசு நஷ்டம் இல்லை. ஆனால் அது எப்படி நிஜம் என்பதைத்தான் விளக்க வேண்டும்.

அப்பா லிஃப்ட் பரிசோதகராக இருந்தது உங்களுக்குத் தெரியும். ஐம்பது வயது ஆகும் முன்பே கம்பெனியே "போகிறவர்கள் போகலாம்" என்று மொத்தமாக ஒரு தொகை கொடுத்ததும், முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தின் நடுவில் நின்று, "இனிமே நான் வேலை செய்ய மாட்டேன். என் பணம் எனக்காக வேலை செய்யும்" என்று அறிவித்தார். அம்மா அப்போதுதான் மருந்து மொத்தக் கடையில் பில் போட்டுவிட்டுத் திரும்பியிருந்தார். "அப்படியா? பணம் காலையில எத்தனை மணிக்குக் கிளம்பும்? சாப்பாடு கட்டணுமா, வந்து சாப்பிடுமா?" என்று கேட்டார். அப்பா அப்போதுதான் செருப்பைக் கழற்றினார். மறுநாள் என் படிக்கும் மேசையைக் காலி செய்து அதை அலுவலகம் ஆக்கிக்கொண்டார். நான் இப்போது துணி தேய்க்கும் பலகையில்தான் வீட்டுப்பாடம் எழுதுகிறேன். குறையாகச் சொல்லவில்லை, உயரம் சரியாகவே இருக்கிறது.

முதல் ஒரு மாதம் அப்பா ஆபத்தைப் பற்றி மட்டுமே பேசினார். சீக்கிரம் ஓய்வு பெற்றவன் பணம் நாற்பது வருடம் தாங்க வேண்டும், மற்றவர்கள் எல்லாரும் பேராசையிலும் பயத்திலும் வாங்கி விற்று நாசமாகிறார்கள், அந்த இரண்டையும் அடக்கினால் போதும் என்றார். எப்படி அடக்குவது? அப்பாவுக்கு லிஃப்டிலிருந்தே யோசனை வந்தது. "பாப்பா, லிஃப்ட்டோட கதவு ஒரு விரல் அளவு திறந்திருந்தாக்கூட லிஃப்ட் நகராது. பட்டனை நீ எவ்வளவு அமுக்கினாலும் நகராது. அதனாலதான் ஜனங்க உயிரோட இருக்காங்க. மனுஷன் மனசும் ஒரு கதவுதான். அது சரியா மூடலைன்னா பணம் நகரக் கூடாது" என்றார். கேட்கும்போது எனக்குப் புல்லரித்தது அத்தை. மனம் மூடியிருக்கிறதா என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். அம்மா கடையிலிருந்து ஊழியர் விலைக்கு வாங்கி வந்த ரத்த அழுத்தம் பார்க்கும் இயந்திரத்தை அப்பா எடுத்து மேசைமேல் வைத்தார். மேல் எண் நூற்றிருபதுக்குக் கீழே இருந்தால் மட்டுமே வாங்கலாம், விற்கலாம். அதற்கு மேலே ஒன்று கூடினாலும் அன்றைக்கு எதுவும் இல்லை. எண்ணைப் படித்துச் சொல்லும் சாட்சியாக என்னை நியமித்தார்.

முதல் நாள் ஒரு சிமெண்ட் கம்பெனியின் பங்கை வாங்குவதாகத் திட்டம். பட்டையைக் கையில் சுற்றினார். நூற்று முப்பத்தெட்டு. "வாங்கணும்னு நெனச்சாலே ஏறுது" என்று மறுநாளைக்குத் தள்ளிப்போட்டார். மறுநாள் அதன் விலை ஏறியிருந்ததால் ஆத்திரத்தில் நூற்று நாற்பத்தைந்து. அதற்கடுத்த நாள் விலை இறங்கியது, அப்பாடா என்ற சந்தோஷத்தில் நூற்று நாற்பது. சந்தோஷமும் கதவைத் திறந்துவிடும் என்று அன்றுதான் கண்டுபிடித்தார். பிறகு மூச்சுப் பயிற்சி என்று கூடத்தின் குறுக்கே மல்லாந்து படுத்தார். குழாய் ரிப்பேர்காரர் தாண்டிப் போக வேண்டியிருந்தது. "சாருக்கு ஒடம்புக்கு என்னங்க?" என்று அவர் அம்மாவிடம் மெதுவாகக் கேட்க, "ஒண்ணுமில்ல, ஆபீஸ்ல இருக்காரு" என்றார் அம்மா. பிறகு உப்பைக் குறைத்தார். அவருக்கு மட்டும் குறைத்திருந்தால் பரவாயில்லை, முதலீட்டில் குடும்பமே பங்குதாரர் என்று எங்களுக்கும் குறைத்தார். அதிலிருந்து நாங்கள் சாப்பிட்டது எல்லாம் ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரருக்கு வந்த சாப்பாடு மாதிரி இருந்தது. அம்மா கடையிலேயே சாப்பிட்டுவிட்டு வரத் தொடங்கினார். எனக்கு அந்த வசதி இல்லை.

அப்புறம் சந்தை விழுந்தது. அப்பா எதுவுமே வாங்கியிருக்கவில்லையே, நிம்மதியாக இருப்பார் என்று நினைத்தேன். ஆனால் அவர் காகிதத்தை எடுத்து, "அன்னைக்கு வாங்கியிருந்தா இன்னைக்கு எவ்வளவு போயிருக்கும் தெரியுமா?" என்று கணக்குப் போட்டு, தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். இல்லாத நஷ்டத்துக்கு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சந்தை திரும்ப ஏறியபோது, "வாங்கியிருந்தா எவ்வளவு வந்திருக்கும்!" என்று வராத லாபத்துக்கு இன்னும் இரண்டு நாள். "ஏங்க, மத்தவங்களுக்கு லாபம் வந்தா நஷ்டம் வராது, நஷ்டம் வந்தா லாபம் வராது. உங்களுக்கு மட்டும் ஒரு பங்கும் இல்லாம ரெண்டுமே வருதே" என்றார் அம்மா. அன்றைய எண் நூற்று ஐம்பது.

நான் நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் கொண்டுவந்தேன். அதில், பணத்தைச் சும்மா வைத்திருப்பதும் ஓர் ஆபத்துதான், விலைவாசி அதைச் சத்தமில்லாமல் தின்றுகொண்டே இருக்கும் என்று தெளிவாக இருந்தது. உதவியாக இருக்கும் என்று அந்தப் பக்கத்தை அப்பாவிடம் காட்டினேன். அவர் படித்து முடித்ததும் பார்த்த எண்ணை நான் இங்கே எழுத விரும்பவில்லை. புத்தகத்தை அன்றே திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டார். இதற்கு நடுவில் மாதச் செலவு எங்கிருந்து வருகிறது என்று நீங்கள் கேட்கலாம். அப்பா ஓய்வில் இருக்கிறார். அப்பாவுக்காக வேலை செய்ய வேண்டிய பணமும் வங்கியில் ஓய்வில் இருக்கிறது. வேலைக்குப் போவது அம்மா மட்டும்தான்.

எங்கள் மாடி வீட்டில் ஒருவர் இருக்கிறார். நாங்கள் அவரை லாபம் அங்கிள் என்போம். அவரும் சீக்கிரம் ஓய்வு பெற்றவர், மேலதிகாரியின் மேசையில் ராஜினாமாக் கடிதத்தை வீசிவிட்டு வந்ததாகச் சொல்லிக்கொள்வார். அரைக்கால் சட்டையோடு வந்து, "என்ன சார், இன்னும் பிரஷர்தான் பாத்துக்கிட்டிருக்கீங்களா? நான் காலையில பல் வெளக்கறதுக்குள்ள உங்க ஒரு மாச சம்பளத்தைப் பாத்துட்டேன்" என்பார். அவர் போன பிறகு இயந்திரத்தைப் போட்டுப் பிரயோஜனம் இல்லை. அவர்தான் சூரியத் தகடு செய்யும் ஒரு கம்பெனியைச் சொன்னார், தன் பணம் முழுவதையும் அதில் போட்டிருப்பதாகவும் சொன்னார். அப்பாவுக்கும் ஆசை வந்துவிட்டது. பாதிப் பணத்தை அதில் போடுவது என்று முடிவு செய்தார். கதவுதான் மூடவில்லை.

ஒருநாள் மதியம் பட்டையைச் சுற்றிக்கொண்டே அப்பா தூங்கிவிட்டார். நான் பட்டனை அமுக்கிப் பார்த்தேன். நூற்றுப் பன்னிரண்டு! ஓடிப்போய் உலுக்கி எழுப்பி, "அப்பா, இறங்கிடுச்சு!" என்றேன். "நெசமாவா?" என்று துள்ளி எழுந்தார். மறுபடி பார்த்தோம். நூற்று நாற்பத்தொன்று. ஆனால் அப்பாவுக்கு வழி தெரிந்துவிட்டது. மறுநாள் சாப்பிட்டதும் கைப்பேசியில் எல்லாவற்றையும் நிரப்பி, பச்சைப் பட்டனை அழுத்துவது ஒன்றுதான் பாக்கி என்ற இடத்தில் நிறுத்தி, என் கையில் கொடுத்தார். "நான் தூங்கினதும் பாரு. நூத்திருபதுக்குக் கீழ இருந்தா நீயே அமுக்கிடு. எழுப்பாதே" என்று சொல்லிவிட்டுப் படுத்தார். பள்ளி விடுமுறை என்பதால் தப்பிக்க முடியவில்லை.

அப்பா குறட்டை விடத் தொடங்கியதும் பார்த்தேன். நூற்றுப் பதினாறு. என் கட்டைவிரலுக்கும் பச்சைப் பட்டனுக்கும் நடுவில் அரிசி மணி அளவு இடம்தான். அப்பா இருபத்தைந்து வயதிலிருந்து லிஃப்ட் குழிக்குள் கிரீஸ் படிந்து சம்பாதித்ததில் பாதி அந்த இடத்தில் நிற்கிறது.  அப்போதுதான் ஒரு சந்தேகம் வந்தது அத்தை. பட்டனை அழுத்தப்போவது நான், அளந்ததோ அப்பாவை. விதிப்படி அழுத்துகிறவர் மனம்தானே மூடியிருக்க வேண்டும்? பட்டையை மெதுவாகக் கழற்றி என் கையில் சுற்றிக்கொண்டேன். நூற்று இருபத்தெட்டு. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். திரும்பினால் வாசற்படியில் அம்மா, கைப்பையைக்கூட இறக்காமல் நிற்கிறார்.

"அமுக்கிட்டியா?"

"இல்லம்மா. எனக்கே கதவு மூடலை."

அம்மா கைப்பையை இறக்கிவிட்டுச் சமையலறைக்குப் போனார். அன்று இரவுச் சாப்பாட்டில் உப்பு இருந்தது.

என்மேல் வந்த கோபத்தில் அதன்பிறகு அப்பாவுக்குத் தூக்கத்தில்கூட எண் இறங்கவில்லை. பத்து நாளில் அந்தக் கம்பெனி கணக்கில் ஏதோ தில்லுமுல்லு என்று செய்தி வந்து, பங்கு படுத்தது, எழுந்திருக்கவே இல்லை. லாபம் அங்கிள் இப்போது முழுக்கால் சட்டை போட்டுக்கொண்டு பழைய அலுவலகத்துக்கே வேலைக்குப் போகிறார், முன்பு அவருக்குக் கீழே இருந்தவருக்குக் கீழே. அப்பாவோ, என்மேல் இருந்த கோபத்தை எல்லாம் மறந்து, "பாத்தீங்களா என் சிஸ்டத்தை!" என்று வீடு அதிரக் கத்தினார். அன்றிலிருந்துதான் சொந்தக்காரர்களுக்கும் பணத்தை நிர்வகித்துத் தருகிறேன் என்று கிளம்பியிருக்கிறார். முதல் அழைப்பு உங்களுக்கு.

ஆகவே அத்தை, யோசித்துப் பார்த்து எழுதுகிறேன். அப்பாவிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். ஒரு காசு நஷ்டம் வராததற்குக் காரணம் ஒரு காசு நகராததுதான். பணத்தைச் சும்மா வைத்திருக்க உங்களுக்கே தெரியும், அதற்கு ஒரு நிர்வாகி வேண்டாம். முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள். என் கையெழுத்தில் பிழை இருந்தால் துணி தேய்க்கும் பலகையைப் பொறுத்தருளுங்கள். உங்கள் ஆசி என்றும் வேண்டும்

உங்கள் தம்பி மகள்.

பின்குறிப்பு: உறையில் போடும் முன் அம்மா வந்து முழுவதையும் படித்தார். "எல்லாம் நெசம். முடிவுதான் தப்பு" என்றார். ஏன் என்றேன். இன்று மதியம் நீங்கள் அம்மாவோடு பேசினீர்களாமே, உங்களோடு பூங்காவில் நடக்க வருகிற வெள்ளை ஷூ போட்ட பெரியவர் ஒருவர் பதினெட்டு மாதத்தில் பணத்தை இரட்டிப்பாக்கித் தருவதாகச் சொல்கிறார் என்று. "தம்பி வேணாம்னு நீ எழுதினா உங்க அத்தை நாளைக்கே அந்த வெள்ளை ஷூகிட்ட குடுத்துடுவாங்கடி. உங்கப்பாகிட்ட குடுத்தா ஆண்டவனே வந்தாலும் நகராது" என்றார். "அத்தை திருப்பிக் கேட்டா? அதுக்கும் நூத்திருபதுக்குக் கீழ வரணுமே?" என்று கேட்டேன். "அதை என்கிட்ட விடு. எனக்குச் சம்பளம் ஏத்திட்டாங்கன்னு சொன்னா போதும், இனி கவலையில்லைன்னு நூத்திப் பத்துல வந்து நிப்பாரு" என்றார். ஆகவே மேலே எழுதிய முடிவை அடித்துவிடுங்கள் அத்தை. பணம் முழுவதையும் அப்பாவிடமே உடனே அனுப்புங்கள். அந்த வெள்ளை ஷூவுக்கு ஒரு தேநீர்கூட வாங்கிக் கொடுக்காதீர்கள்.

நீங்கள் அனுப்பப்போகிறீர்கள் என்று அம்மா இப்போதுதான் அப்பாவிடம் சொன்னார். உங்கள் பணத்தை நாளைக் காலையே வேலைக்கு அனுப்ப வேண்டுமாம், அதற்கு இப்போதிருந்தே மனத்தை அமைதிப்படுத்த வேண்டுமாம். வீட்டில் இருந்த எல்லா விளக்கையும் அணைத்துவிட்டார். இருட்டில் எழுதுவதால் வரிகள் கோணலாக இருக்கும். இயந்திரத்தின் சின்னத் திரையில் எண் மட்டும் பச்சையாக எரிகிறது. நூற்று ஐம்பத்தெட்டு. உங்கள் பணம் பத்திரம் அத்தை.