எதிர்வீட்டுச் சுருள்முடியும் ரோஸ்மேரி எண்ணெயும்

எதிர்வீட்டு போட்டோ ஸ்டுடியோக்காரனை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. காரணம் அவன் தலை. என் வயதுதான். ஆனால் சுருள் சுருளாக, அலை அலையாக முடி! எனக்கோ மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. திரும்பின பக்கமெல்லாம் நிலைக்கண்ணாடி. எல்லாவற்றிலும் என் வழுக்கை.

அதுவாவது பரவாயில்லை. என் மனைவி தினமும் ஜன்னலோரம் நின்று பெருமூச்சு விடுவாள்.

"என்ன முடிங்க அவருக்கு!"

"தலைக்குள்ள ஏதாவது இருக்கணும்டி. மேல இருந்து என்ன?"

"உங்களுக்கு ரெண்டு இடத்துலயும் இல்லையே. அவர் ரோஸ்மேரி எண்ணெய் தேய்க்கிறாராம். பொடுகு போகுமாம், முடி கொட்டாதாம், மனசுக்கும் உற்சாகமாம்."

அதற்கு முந்தின மாதம் இவளே தனக்கென்று அந்த எண்ணெயைக் கேட்டாள். "கண்ட எண்ணெயெல்லாம் எதுக்கு?" என்று விரட்டியவன் நான். ஆனால் அன்று என் வயிறு பற்றி எரிந்தது. கடைக்கு ஓடினேன். வாங்கினேன். குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பாதி பாட்டிலை அப்படியே மண்டையில் கவிழ்த்தேன்.

"ஐயோ! அம்மா!"

"என்னங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்ல! பாட்டு பாடறேன்!"

கதவைத் திறந்தபோது என் தலை தக்காளி மாதிரி இருந்தது. அவள் மோந்து பார்த்தாள்.

"இதைப் போய் யாராவது பச்சையாத் தேய்ப்பாங்களா? தேங்காய் எண்ணெயில நாலே சொட்டு கலக்கணும். கொடுங்க, இனிமே நானே கலந்து தரேன்."

எவ்வளவு பாசம்! உருகிப் போனேன். மாதக்கணக்கில் தேய்த்தேன். ஒரு முடி எட்டிப் பார்க்கவில்லை.

நேற்று காலை ஸ்டுடியோக்காரன் குனிந்து ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தான். பலமாக ஒரு காற்று. சுருள்முடி மொத்தமும் கழன்று வாசலில் விழுந்தது! அடியில் பளபளவென்று என் தலையின் உடன்பிறப்பு. ஆனந்தக் கூத்தாடிக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன்.

"அடியே! அது விக்குடி, விக்கு!"

அவள் திரும்பக்கூட இல்லை. "தெரியுமே. குடிவந்த அன்னிக்கே அவர் சம்சாரம் சொல்லிட்டாங்க."

"அப்புறம் எதுக்கு ரோஸ்மேரி, ரோஸ்மேரின்னு என் உயிரை எடுத்தே?"

"நான் கேட்டப்போ வாங்கித் தந்தீங்களா?"

அப்போதுதான் அவள் பின்னலைப் பார்த்தேன். முன்பு எலிவால் மாதிரி இருந்தது, இப்போது என் மணிக்கட்டுப் பருமன். மினுமினுப்பு வேறு.

"அப்போ... எனக்குக் கலந்து கொடுத்தது?"

"வெறும் தேங்காய் எண்ணெய். வாசத்துக்கு ஒரு சொட்டு. பாவம், நீங்களும் ஆசையாத் தேய்ச்சீங்க." பின்னலைத் தூக்கி முதுகில் போட்டாள். "ஆமா, பாட்டில் காலியாயிடுச்சு."

இதைச் சும்மா விடக்கூடாது. நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டே தீர வேண்டும். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டேன்.

"பெரிய பாட்டிலா வாங்கிட்டு வரவா?"