ரோதையண்ணனின் வோக்மன்

இலங்கை மலையகத்தின் திம்புள்ளப் பகுதியில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் தொண்டை கெட்டுப்போய்விட்டது என்று பதினொரு வருடம் நம்பிய ஒரே மனிதர் ரோதையண்ணன்.

இயந்திரத்துக்கு எங்கள் பக்கம் ரோதை என்று பெயர். தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து அரைக்கும் ரோதைகளுக்கு நடுவே நின்று நின்றே வயதானவர் அவர். அந்த இரைச்சல் எப்போதோ அவர் காதைத் தின்றுவிட்டது. அவர் அதை ஒப்புக்கொண்டால்தானே! "எல்லாரும் ஏன் இப்பிடி முணுமுணுக்கிறீங்க? வயித்துக்குச் சோறு திங்கிறதில்லையா?" என்று கத்துவார். அவர் ரகசியம் பேசினால் தோட்டத்தின் அடுத்த டிவிஷனிலிருந்து பதில் வரும்.

ஒருமுறை வயிற்றுக்கு மருந்து வாங்கப் போனபோது, தோட்டத்து வைத்தியம் பார்க்கும் டிஸ்பென்சர் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, "உங்க பேர் என்ன?" என்று மெதுவாகக் கேட்டுச் சோதித்தார். "ரெண்டு நாளா நல்லாத்தான் போகுதுங்க" என்றார் அண்ணன்.

எண்பதுகளில் நான் அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மாஸ்டர். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் அவருடைய லயத்துக்கு மேலேதான் என் குவாட்டர்ஸ். லயத்திலேயே முன்மாதிரிப் புருஷன் அவர்தான். அவர் மனைவி ராமாயி அக்கா கொழுந்துக் கூடையை இறக்கியதும் திட்ட ஆரம்பிப்பார். அண்ணன் புன்சிரிப்போடு தலையாட்டுவார். "அவரப் பாத்துக் கத்துக்கங்க. எதுத்து ஒரு வார்த்த பேசுறாரா?" என்று மற்றப் பெண்கள் தங்கள் புருஷன்மாரை இடிப்பார்கள்.

ஆனால் ஒருநாள் அக்கா என்னிடம் வந்து சொன்னது வேறு கதை.

"நான் பேசுறத நிப்பாட்டி ஒரு மாசமாச்சு மாஸ்டர். அவருக்கு அதுகூடத் தெரியல. காது கேக்கலன்னு ஒரு வார்த்த சொன்னா, பக்கத்துல ஒக்காந்து கத்திப் பேச மாட்டேனா? சொல்ல மாட்டேங்குறாரே."

அந்த நேரத்தில்தான், குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்த அக்காவின் தங்கை ஒரு வோக்மன் அனுப்பிவைத்தாள். உள்ளங்கை அகலம், காதில் மாட்ட ஒரு பட்டி, உள்ளே ஒரு பாட்டுக் கேசட். ஓட்டிக் காட்டச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள்.

போய்ப் பார்த்தால், வோக்மனுக்குச் சந்தனப் பொட்டு வைத்து, முன்னால் எலுமிச்சம்பழம் வெட்டி வைத்திருந்தது. ஃபெக்டரிக்குப் புது ரோதை வந்தால் ரோதை முனிக்குப் பூசை போடாமல் யாரும் ஓட்ட மாட்டார்கள். அண்ணனுக்குப் பெரிய ரோதை, சின்ன ரோதை என்ற பேதமெல்லாம் கிடையாது.

பென்டோர்ச் பெட்டரி இரண்டைப் போட்டுப் பட்டனை அழுத்தினேன். அண்ணன் பட்டியைத் தொடவே இல்லை. உள்ளங்கையை வோக்மன் மேல் வைத்துக் கண்ணை மூடினார். ரோதையை அவர் அப்படித்தான் சோதிப்பார்.

"ஓடுது மாஸ்டர். நல்லா ஓடுது."

"பாட்டுக் கேக்கணும் அண்ணே!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

"பாட்டா? எங்க வருது?" சுற்றி நின்ற லயத்துச் சனங்களைப் பார்த்தார். "ஒங்களுக்குக் கேக்குதா?"

பட்டி மாட்டாமல் எப்படிக் கேட்கும்? எல்லோரும் இல்லையென்று தலையாட்டினார்கள். அண்ணன் முகத்தில் வந்த வெற்றியை நான் வேறு எவர் முகத்திலும் கண்டதில்லை.

"பாத்தீங்களா! இப்ப மெசினும் முணுமுணுக்க ஆரம்பிச்சிருச்சு!"

நான் பட்டியை அவர் தலையில் மாட்டி, சத்தத்தைக் கடைசிவரை திருகினேன்.

அண்ணனின் சிரிப்பு நின்றது. யாராவது வெளியே பாடுகிறார்களா என்று வாசலை எட்டிப் பார்த்தார். பட்டியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். மாட்டினால் பாட்டு. கழற்றினால் எதிரே நாங்கள் எல்லோரும் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்கிறோம். மெல்ல வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். எங்களுக்கும் சிரிப்பு வரவில்லை.

பிறகு, நான் அதுவரை கேட்டிராத ஒரு சின்னக் குரலில் கேட்டார்.

"மாஸ்டர், இதுல ராமாயி பேசினா எனக்குக் கேக்குமா?"

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. என்னுடைய ரேடியோ கேசட் பெட்டியைக் கொண்டுபோய், பதிவுப் பட்டனை அழுத்தி அக்கா முன்னால் வைத்தேன். "என்னத்தப் பேசுறது, வெக்கமா இருக்கு" என்று நெளிந்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஈரக் கம்பளிய அடுப்பு மேல போடாதீங்கன்னு ஒங்களுக்கு எத்தன தடவ சொல்றது?" என்று ஆரம்பித்தார். பதினொரு வருடத்துச் சரக்கு. ஒரு பக்கம் போதாமல் கேசட்டைத் திருப்பிப் போட்டேன்.

அதன்பிறகு அண்ணன் தினமும் வேலை முடிந்து வந்ததும், தேத்தண்ணிக் கோப்பையோடு உட்கார்ந்து, அந்தத் திட்டைக் கச்சேரிபோலக் கண்மூடிக் கேட்பார். நல்ல இடங்களில் "சபாஷ்" வேறு. கேசட் முடிந்ததும் அக்கா அவர் காதருகே உட்கார்ந்து கத்திக் கத்திப் பேசுவார், அவரும் கத்திப் பதில் சொல்வார். லயத்தில் ஒருவருக்கும் நிம்மதி இல்லை.

சில மாதம் கழித்துக் கேசட்டோடு என் வாசலில் வந்து நின்றார்.

"வேற ஒண்ணு புடிக்கணும் மாஸ்டர். இதுல சொன்னதுலயெல்லாம் திருந்திட்டேன்."

ரேடியோவைத் தூக்கிக்கொண்டு போனேன். அக்கா வெகுநேரம் யோசித்தார். "திட்டுறதுக்கு ஒண்ணுமே வர மாட்டேங்குதே மாஸ்டர்" என்று சிரித்துவிட்டார். நான் பட்டனை ஏற்கெனவே அழுத்தியிருந்தேன். நான் மாற்றலாகிப் போகும்வரை, அந்தச் சிரிப்பு பதிந்த கேசட்டைத்தான் அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தார்.

இன்றைக்கும் ரோதையண்ணனைப் பற்றிப் பேசினால் என் குரல் தானாக உயர்ந்துவிடுகிறது. அவருக்கும் கேட்க வேண்டும், அல்லவா?