கோணல் மேஸ்திரியும் குந்திய காரும்

கடவுள் படைத்ததில் கோணல் இல்லாதது ஒன்றுகூடக் கிடையாது என்று கண்டுபிடித்து, அதை எல்லாருடைய முகத்துக்கு நேரேயும் சொல்லிக்கொண்டு திரிந்த ஒரே மனிதர் எங்கள் சித்தூர் கோணல் மேஸ்திரிதான். கடவுளையும் அவர் விட்டு வைக்கவில்லை. தேர் வீதிக்கு வந்தால் ஊரே கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிடும். இவர் மட்டும் குனிந்து தேர்ச் சக்கரத்தைத் தடவுவார். ஆஹா, என்ன பக்தி என்று பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அவரோ நிமிர்ந்து, "வலது பக்கம் இழுக்குது. எவன் செஞ்சான் இத?" என்பார்.

சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. வேலூர் ரோட்டில் ஒரு கார் ரிப்பேர்க் கொட்டகை, அதற்குள் ஒரு பள்ளம், பள்ளத்துக்குள் மேஸ்திரி. இடுப்பில் எப்போதும் ஒரு நூல்கண்டு இருக்கும், கிரீஸ் ஏறிக் கன்னங்கரேலென்று. சட்டைப் பையில் தீப்பெட்டி. பீடி, சிகரெட் பழக்கம் கிடையாது. பின் சக்கரத்திலிருந்து முன் சக்கரம் வரைக்கும் நூலை இழுத்துக் கட்டி, இடைவெளியில் தீக்குச்சியைச் செருகிப் பார்த்துச் சக்கரத்தை நேராக்குவார். அரைக் குச்சி, ஒரு குச்சி என்றுதான் அவருக்குக் கணக்கு. எல்லாம் முடிந்ததும் ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "இப்போதிக்கு ஓடும்" என்பார். அதுதான் அவர் வாயிலிருந்து வரும் அதிகபட்சப் பாராட்டு. 'நேராக இருக்கிறது' என்று அவர் எதையும் சொல்லி யாரும் கேட்டதில்லை.

ஒரு விருந்தில் பந்தி இலைகள் கோணலாக இருப்பதாக நூல் பிடித்துக் காட்டி, பாயசம் விழுந்த இலையைக்கூட நகர்த்த வைத்தார். சலூனுக்குப் போனால் பக்கத்து நாற்காலிக்காரரின் மீசையைப் பார்த்து, "இடது பக்கம் அரைக் குச்சி தூக்கல்" என்பார். மீசைக்காரர் போலீஸ் ஏட்டாக இருந்தாலும் கவலை கிடையாது.

அது ஆந்திரா தனி ராஜ்யமாகி, எல்லை மட்டும் தீராமல் இழுத்துக்கொண்டிருந்த காலம். எந்த ஊர் இந்தப் பக்கம், எந்த ஊர் அந்தப் பக்கம் என்று டீக்கடைக்கு டீக்கடை பஞ்சாயத்து. நான் குமாஸ்தாவாக இருந்த ஆபீசிலும் மேஜை நிறைய எல்லை ஃபைல்கள்தான். ஆபீஸ் ஜீப்பைப் பார்க்க வந்த மேஸ்திரி, என் மேஜைமேல் விரித்திருந்த வரைபடத்தைக் கண்டதும் ஒரு கண்ணை மூடினார்.

"இன்னா சார் இது, பாம்பு ஓடின தடமா?"

"எல்லைக்கோடு மேஸ்திரி."

"நூல் புடிச்சாங்களா?"

"ஊர் ஊராப் பாத்துப் பிரிக்கிறாங்க. வளைஞ்சுதான் வரும்."

"வளைஞ்சா தேயும் சார். ரெண்டு பக்கமும் தேயும்."

பக்கத்தில் நின்று கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்த எங்கள் அதிகாரி சிரிப்பை நிறுத்திவிட்டார். எனக்கும் சிரிப்பு வரவில்லை. காரணம், என் சொந்த ஊர் அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது. எனக்குப் பார்த்திருந்த பெண்ணோ திருப்பதி.

பெண் பார்க்கப் போன அன்று வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டேன். உள்ளே யாரோ அடக்க முடியாமல் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே நான் விழுந்துவிட்டேன். ஆனால் பெண்ணின் தாய்மாமனுக்கு இந்தச் சம்பந்தமே பிடிக்கவில்லை. "நாளைக்கு உங்க ஊரு மெட்ராஸ் பக்கம் போயிட்டா, பொண்ணப் பாக்க நாங்க வேற ராஜ்யத்துக்கு வரணுமா? ஏமண்டி, இது நியாயமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். "ஒம்பதரைக்கு முகூர்த்தம் முடியுது. ஒரு நிமிஷம் தப்பினாலும் பொண்ண அழைச்சிக்கினு போய்க்கினே இருப்பேன்."

நான் முதல் நாளே போயிருக்க வேண்டும். எல்லை ஃபைல்கள் விடவில்லை. சொந்தக்காரர்கள் எல்லாரும் முன்னாலேயே பஸ் ஏறிவிட, நானும், நைனா என்று நான் கூப்பிடும் அப்பாவும், அத்தையும் மட்டும் கல்யாணத்தன்று விடிகாலையில் காரில் போவதாக ஏற்பாடு. கார், எங்கள் தெரு ரைஸ்மில் முதலாளியுடையது; அவரும் கூட வருவார், ஓட்டுவது மேஸ்திரி. அந்தக் காருக்கு ஒரு தனிக் கதை உண்டு.

முதலாளி காரை வாங்கிவந்த அன்றுதான், அது ஷெட் வாசலைவிட நான்கு விரல் உயரம் என்று தெரிந்தது. வாசலை இடிக்கலாம் என்றால், வாஸ்துக்காரர் நிலையில் கை வைக்கக் கூடாது என்றுவிட்டார். முதலாளி யோசித்தார். வெளியூர் மெக்கானிக் ஒருவனைப் பிடித்து, முன்பக்கச் சுருள் ஸ்பிரிங்கில் ஒன்றரைச் சுற்று வெட்டி, பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கில் இரண்டு பட்டையை உருவி, காரையே இறக்கிவிட்டார். கார் ஷெட்டுக்குள் போயிற்று. டயர்தான் போய்க்கொண்டே இருந்தது. வெளிப்பக்கம் புதுசு, உள்பக்கம் வழுக்கை. டயர் கிடைப்பது குதிரைக் கொம்பாக இருந்த நாட்கள். முதலாளி நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் கட்டித் திருஷ்டி கழித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் மேஸ்திரியிடம் வந்தார்.

மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். "செருப்புக்காகக் காலத் தறிக்கிறதா மொதலாளி? இங்க பாரு." வேட்டியை மடித்துக்கட்டி நடு ரோட்டில் நின்றார். "நின்னா பாதம் நேரா கீதா? இப்ப குந்துறேன். முட்டியும் பாதமும் எப்டி அகலுது பாரு. நீ வண்டியக் குந்த வெச்சிட்ட. அது குந்திக்கினே நடக்குது. உள்பாதம் தேயாம இன்னா பண்ணும்?" சொன்னதோடு நிற்காமல் குந்திக்கொண்டே நான்கு அடி நடந்தும் காட்டினார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம், ஸ்பிரிங்குக்கு அடியில் கட்டை கொடுத்துக் காரை இரண்டு விரல் தூக்கினார். பிறகு எங்களைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். எறக்கின வண்டிக்கு ஆளை ஏற்றித்தான் நூல் பிடிக்க வேண்டுமாம். பின்னால் நடுவில் நான், இடப்பக்கம் அத்தை, வலப்பக்கம் நைனா, முன்னால் முதலாளி. இடத்துக்கு இடம் சாக்பீஸில் நம்பர் போட்டார். ஒரு மணி நேரம் வெயிலில் பொம்மைபோல உட்கார்ந்திருந்தோம்.

"அத்தே, மூச்சை மெதுவா வுடு. தீக்குச்சி ஆடுது."

"உன் கட்டையில போற வண்டிக்கு நான் மூச்சையே வுடக் கூடாதா?" என்று அத்தை சீறினாள். அவள் அந்தக் கோபத்தை மறக்கவில்லை. மறுநாள் விடிகாலையில் புது வேட்டியோடு வண்டி ஓட்ட வந்த மேஸ்திரியின் இடுப்பைப் பார்த்தாள். "கல்யாண வண்டியில கருப்பு நூலா? எட்றா அத!" என்று கண்டைப் பிடுங்கி வீட்டுக்குள் எறிந்துவிட்டுத்தான் ஏறினாள்.

ஊர் எல்லை தாண்டியதும் மேஸ்திரி வேகத்தைக் குறைத்தார். மூக்கை உறிஞ்சினார். ரப்பர் வாசனை. வண்டியை நிறுத்தி இறங்கி, முன் டயரின் உள்பக்கத்தைத் தடவினார். நூல்நூலாகத் துணி தெரிந்தது.

"டயரத் துன்னுது. மொதலாளி, நேத்து நான் போனப்புறம் வண்டியத் தொட்டியா?"

"இல்லப்பா."

"ஷெட்டுல எப்டி உள்ள போச்சு?"

"போச்சு. சத்தியமா யாரும் தொடல."

"சத்தியமாவா? சரி." ஸ்டெப்னியை மாட்டினார். வண்டியை நேராகக் காணிப்பாக்கத்துக்குத் திருப்பினார்.

எங்கள் பக்கத்தில் ஒருவன் சொல்லில் சந்தேகம் வந்தால் காணிப்பாக்கம் பிள்ளையார் முன்னால்தான் நிறுத்துவார்கள். அங்கே பொய்ச் சத்தியம் செய்ய எவனுக்கும் துணிச்சல் வராது. கோயில் வாசலில் இறங்கியதும் முதலாளியின் கை தானாகக் கன்னத்துக்குப் போயிற்று. "கட்டை வெச்சதுல வண்டி ஷெட்டுக்குள்ள போவலப்பா. ராத்திரி வெளியில நிறுத்த மனசு வரல. அந்த மெக்கானிக்க வெச்சிக் கழட்டிட்டேன்." நூல் பிடித்து முடித்த காரை மறுபடி இறக்கிவைத்திருக்கிறார், மகானுபாவர்.

"கீழ குனிஞ்சு பாத்தாலே எனக்குத் தெரியும்," என்றார் மேஸ்திரி. "ஆனா சாமி எதிர்ல சொன்னாத்தான் இனிமே கழட்ட மாட்ட. தரையும் இங்கதான் சமமா கீது. ஏறி அவங்கவங்க நம்பர்ல குந்துங்க. இந்த ஸ்டெப்னியும் போச்சுன்னா நடந்துதான் திருப்பதி."

நைனா கடிகாரத்தைப் பார்த்தார். மேஸ்திரி பழக்கத்தில் இடுப்பைத் தடவினார். நூல் இல்லை. எல்லார் கண்களும் அத்தையின் மடியிலிருந்த தாம்பாளத்துக்குப் போயின. அதில் கலசத்துக்கும் தாலிக்குமாக மஞ்சளில் நனைத்த நூல்கண்டு இருந்தது.

"கையை வெச்ச, கொன்னுடுவேன்," என்றாள் அத்தை.

"தாலிக்கு எத்தினி முழம் வேணும் அத்தே? மிச்சத்தக் குடு. மாப்ள போய்ச் சேந்தாத்தான் தாலி."

அத்தை என் முகத்தைப் பார்த்தாள். அழுதுவிடுவேன் போல இருந்திருக்க வேண்டும். கண்டைத் தூக்கி அவர்மேல் எறிந்தாள்.

கோயில் வாசலில் மாப்பிள்ளைக் கோலத்தில் ஆள் உட்கார்ந்த கார். அதைச் சுற்றி மஞ்சள் நூல். அடியில் ஒருவர் சாஷ்டாங்கமாகக் கிடக்கிறார். பக்தர்கள் சும்மா இருப்பார்களா? ஏதோ விசேஷப் பிரார்த்தனை என்று நினைத்து, பானெட்டில் பூவைப் போட்டுவிட்டுக் காரை வலம்வர ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு அம்மாள் என் நெற்றியில் குங்குமமே வைத்துவிட்டாள்.

"திரகொத்தண்டி! தாரம் கதுலுதோந்தி!" என்று காருக்கு அடியிலிருந்து தெலுங்கில் அலறினார் மேஸ்திரி. "சுத்தாதீங்கம்மா, நூல் ஆடுது!" அந்தக் குரலைக் கேட்டு இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள்.

அரை மணியில் எழுந்தார். "சக்கரத்துச் சாய்வு போவாது. பாதத்த மட்டும் திருப்பியிருக்கேன். இப்போதிக்கு ஓடும்."

ஓடியது. திருப்பதி மண்டபத்தில் நாங்கள் இறங்கியபோது, தாய்மாமன் கையில் கடிகாரத்தோடு வாசலிலேயே நின்றார். பத்து நிமிஷம் பாக்கி. மனுஷனுக்கு ஏமாற்றம். மணையில் உட்கார்ந்தோம். மேஸ்திரி சுற்றித் திருப்பிக் கொடுத்திருந்த நூல்கண்டை அத்தை எடுத்தாள். அடி நுனி வரைக்கும் கிரீஸ்.

தாய்மாமன் முகம் மலர்ந்துவிட்டது. "ஏமய்யா, இது தாலிக்கயிறா, வண்டி தொடைக்கிற துணியா? அபசகுனம்! இத எங்க பொண்ணு கழுத்துல..."

அப்போதுதான் மணப்பெண் வாய் திறந்தாள். "மாமா, மஞ்சள் தடவினா மறைஞ்சிடும். நேரம் போவுது. கட்டச் சொல்லுங்க."

கட்டினேன். மூன்றாவது முடிச்சு கிரீஸில் நழுவ, அத்தை போட்டுவிட்டாள்.

ஆசீர்வாதம் வாங்கலாம் என்று பார்த்தால் மேஸ்திரியைக் காணோம். வெளியே காருக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு, டயரின் உள்பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் அவர் எதிரில் போய் நின்றோம். எழுந்தார். கையை வேட்டியில் துடைத்தார். அவள் கழுத்தில் கிடந்த கிரீஸில் கறுத்த மஞ்சள் கயிற்றைப் பார்த்தார். பிறகு இரண்டடி பின்னால் போய் ஒரு கண்ணை மூடினார். எந்தப் பக்கம் அரைக் குச்சி என்று சொல்லப் போகிறாரோ என்று எனக்குப் பயம்.

"நேரா கீது," என்றார்.

கோட்டின் மேலிருந்த என் சொந்த ஊர் பிறகு மெட்ராஸ் பக்கம் போயிற்று; நாங்களும் அங்கேதான் குடியிருந்தோம். தாய்மாமன் கோடு தாண்டி மாதாமாதம் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். எங்களுக்குள் சண்டை இல்லாமல் இல்லை. பாத்திரம் பறந்த நாட்களும் உண்டு. ஆனாலும் முற்றிப்போகிற நேரத்தில் யாராவது ஒருவர் வாயை மூடிக்கொள்வோம். கோணல் மேஸ்திரி வாழ்நாளில் ஒரே ஒருமுறை சொன்ன நல்ல வார்த்தை அது. அதைப் பொய்யாக்க எங்கள் இரண்டு பேருக்கும் மனசு வரவில்லை.